ஒரே பெயர், இரண்டு கிளைகள்

நான் வேலை பார்த்த மருத்துவமனையில் புது மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். பழைய பக்கங்களில் இருக்கும் விவரங்களை எல்லாம் அதற்கு மாற்றும் வேலை வித்யாவிடம் வந்திருக்கிறது. நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த பெண். போன மாதம் ஒருநாள் போன் செய்தாள்.

"அக்கா, ரத்த நோய்ப் பிரிவுல நீங்க போட்ட குடும்ப மரம் இருக்குல்ல, அதுல ஒரே ஆளு ரெண்டு எடத்துல வாராங்க. புது சாப்ட்வேர் ஏத்துக்க மாட்டேங்குது. ஒண்ண அழிச்சிரவா?"

"அழிச்சிராதம்மா."

"தெரியாம ரெண்டு தடவ விழுந்ததுதானக்கா?"

"தெரிஞ்சுதான் போட்டோம்" என்றேன். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்கு இடையில் யாரோ கூப்பிட்டார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நோயாளிகளின் பெயர்களை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்.

என் ஊர் தாடிக்கொம்பு. கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு, தட்டச்சுத் தெரியும் என்ற தகுதியில் மருத்துவமனையின் ஆவண அறையில் சேர்ந்தேன். கணினி வந்ததும் நோயாளிகளின் பெயர்களை ஏற்ற என்னை உட்கார வைத்தார்கள். மாலை வகுப்புக்குப் போய்க் கொஞ்சம், தப்பும் தவறுமாக எழுதித் திருத்திக் கொஞ்சம் என்று நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். எந்த அறையில் உட்கார்ந்தாலும் உலாவியில் திறந்து பார்க்கும்படி பக்கங்கள் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டபோது, கணினிப் பிரிவில் இருந்தது இரண்டே பேர். நானும் செபாஸ்டின் சாரும்.

செபாஸ்டின் சார் அதற்கு முன் ஒரு நூற்பாலையில் கணினி பார்த்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வயதில் எவ்வளவு சிறியவர்களாக இருந்தாலும் 'வாங்க, போங்க' தான். தூசி வரும் என்று அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். மற்றவர்களும் அப்படியே வரவேண்டும், தலைமை மருத்துவர் உட்பட. நான் ஒரு பக்கத்தைச் செய்து முடித்தேன் என்று சொன்னால் அவர் திரையைப் பார்க்க மாட்டார். நாற்காலியைத் திருப்பிப்போட்டு, மலைக்கோட்டை தெரியும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்வார்.

"வாசிங்கம்மா" என்பார்.

திரையில் இருப்பதை மேலிருந்து கீழே வாய்விட்டு வாசிக்க வேண்டும். எங்கே நான் தடுமாறுகிறேனோ, எங்கே "இல்ல சார், இது அதுக்குக் கீழ வருது" என்று விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறேனோ, அங்கே கையைத் தூக்குவார். "பாக்குறவங்களுக்குப் பக்கத்துல உக்காந்து நீங்க விளக்கம் சொல்லப் போறதில்லயே. மாத்திருங்க." இதற்கு மேல் அவர் எனக்குப் பாடம் என்று எதுவும் எடுத்ததில்லை.

மரம்போல் விரியும் பக்கத்தை நாங்கள் 'ட்ரீ' என்றே சொல்வோம். ஒரு பெயர் இருக்கும். அதைத் தொட்டால், கீழே சற்று உள்தள்ளி, அதைச் சேர்ந்த பெயர்கள் விரியும். அதில் ஒன்றைத் தொட்டால் இன்னும் உள்ளே. மறுபடி தொட்டால் மடங்கிக்கொள்ளும். பெரிய பட்டியலைச் சின்னத் திரையில் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

முதலில் அதைச் செய்தது மருந்து ஸ்டோருக்கு. மாத்திரை, ஊசி, டானிக் என்று மேலே வகைகள். ஒவ்வொன்றின் கீழும் மருந்துகள். அதன் கீழ் எந்த எந்தப் பெட்டி எப்போது காலாவதி ஆகிறது என்ற விவரம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விரித்துக் காட்டியதால் ஸ்டோரில் இருந்த பழைய கணினி மூச்சுத் திணறி நின்றுபோனது. அப்புறம்தான் தொட்டால் மட்டும் உள்ளே இருப்பதைக் கொண்டுவரும்படி மாற்றினேன். திறக்கலாம் என்பதற்கு அடையாளமாகப் பெயருக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டிருந்தேன்.

ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த காஜா பாய் அடுத்த வாரம் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா மரகதம், நானும் அந்தக் கூட்டல அமுக்கி அமுக்கிப் பாக்குறேன். புதுசா வந்த பெட்டிய எங்க சேக்குறது? பழசெல்லாம்ல வருது?"

கூட்டல் என்றால் சேர்ப்பது என்றுதானே அவர் எடுத்துக்கொள்வார்! அன்றைக்கே அதை எடுத்துவிட்டு ஒரு சின்ன அம்புக்குறி வைத்தேன். மூடியிருந்தால் வலப்பக்கம் பார்க்கும், திறந்தால் கீழே பார்க்கும். காஜா பாய் இரண்டு தடவை திறந்து மூடிவிட்டு, "இது கதவு மாதிரி இருக்கு, இது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரத்த நோய்ப் பிரிவுக்கு கோமதி டாக்டர் வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. ரத்தம் சரியாக உறையாத நோய் உள்ள பிள்ளைகளை அவர் பார்த்தார். கீழே விழுந்தால் முட்டி வீங்கும். பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. அது தாய் வழியாக வரும் நோய் என்று எங்களுக்கு விளக்கினார். தாய்க்குப் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அவளுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். மகளுக்குப் போனால் அவளும் தெரியாமலேயே சுமந்துகொண்டிருப்பாள்.

"ஒரு பையன் வந்தான்னா அவனோட மட்டும் நிக்கக் கூடாது சார். அவங்க அம்மா கூடப் பிறந்தவங்க யாரு, அவங்க பிள்ளைங்க யாருன்னு எனக்குக் கண்ணு முன்னாடி தெரியணும்" என்றார்.

செபாஸ்டின் சார் என்னைப் பார்த்தார். "மருந்து ஸ்டோர் பக்கத்தையே எடுத்து, பெட்டிக்குப் பதிலா ஆளப் போட்டுப் பாருங்க."

அப்படியே செய்தோம். டாக்டர் நோயாளியிடம் கேட்டுச் சொல்லும் உறவுகளை நான் ஏற்றுவேன். அந்தப் பெயர்களில் யாராவது ஏற்கெனவே எங்கள் மருத்துவமனையில் பதிவானவராக இருந்தால், அந்தப் பழைய பதிவையே மரத்தில் இணைத்துவிடுவேன். ஒரு ஆளை இரண்டு முறை பதியக்கூடாது என்பது ஆவண அறையில் எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி.

வடமதுரையிலிருந்து சைனப் என்ற பெண்மணி மகன் யூசுபை அழைத்துக்கொண்டு வருவார். யூசுபுக்கு அந்த நோய். அவர் சொன்ன உறவுகளை ஏற்றி முடித்த மறுநாள் காலை, செபாஸ்டின் சார் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். நான் வாசித்தேன்.

"ரஹ்மத் பீவி. காலமாகிவிட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் அமீனா, காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அடுத்தவர் ஹனீபா, நோய் இல்லை. அவருடைய மகன் சிக்கந்தர், மனைவி நூர்ஜஹான், இரண்டு பிள்ளைகள். கடைசி, சைனப். மகன் யூசுப், நோய் உண்டு. மகள் ஷாஹிதா, பரிசோதனை செய்யவில்லை."

அவர் கையைத் தூக்கினார்.

"அமீனாவுக்குப் பிள்ளை இல்லன்னு யாரு சொன்னா?"

"அவங்க பேருக்குக் கீழ ஒண்ணும் இல்ல சார்."

"பிள்ளை இல்லங்கிறது வேறம்மா. நமக்குத் தெரியலங்கிறது வேற. இதுல ரெண்டும் ஒண்ணாத் தெரியுது பாருங்க."

யூசுபுக்கு ஊசி போட சைனப் அன்று வந்திருந்தார். டாக்டரின் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"அமீனா அக்காவுக்கு ஒரே மக. நூர்ஜஹான்" என்றார் சைனப். "உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமே. வெளிய எங்கயும் குடுக்கல, எங்க அண்ணன் மகன் சிக்கந்தருக்கே கட்டி வச்சிட்டோம். முறைப்பொண்ணுதான."

கோமதி டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

நூர்ஜஹான் ஏற்கெனவே எங்களிடம் பதிவானவள், பிரசவங்கள் இங்கேதான். பதிவில் அவள் சிக்கந்தரின் மனைவி. அதனால் மரத்தில் ஹனீபா வீட்டு மருமகளாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மருந்துப் பெட்டிக்கு ஒரே அலமாரிதான் என்பதுபோல், ஒரு ஆளுக்கு மேலே ஒரே ஓர் இடம்தான் என்பது எங்கள் பக்கத்தின் அமைப்பு. அவளுடைய அம்மாவுக்குக் கீழே அவளைக் காட்ட அதில் வழியே இல்லை. மரத்தைப் பார்க்கிற டாக்டருக்கு அவள் வேறு குடும்பத்திலிருந்து வந்த பெண். உண்மையில் யூசுபின் அம்மாவும் அவளுடைய அம்மாவும் அக்கா தங்கைகள்.

"மரகதம், அந்தப் பொண்ணோட பிள்ளைங்களத் திறங்க" என்றார் டாக்டர்.

திறந்தேன். ரியாஸ், ஆறு வயது. அப்துல், கைக்குழந்தை. ரியாஸின் பெயருக்குப் பக்கத்தில் நீலப் புள்ளி ஒன்று இருந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் அந்தப் புள்ளி வரும். தொட்டேன். வருகிற வியாழக்கிழமை, சுன்னத்.

சைனப் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "யூசுபுக்கு மூட்டு வாதம்னுதான் டாக்டரம்மா சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். எங்க அண்ணனுக்கும் அதுதான் தெரியும். ஷாஹிதாவப் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. நல்ல எடம். இது வெளிய தெரிஞ்சா அவளுக்கும் இருக்குமோன்னு நெனைப்பாங்கல்ல?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா, எனக்குச் சொல்ல உரிமையும் இல்ல. ரியாஸுக்கு ஆபரேஷனுக்கு முந்தி ரத்தம் பாக்கணும்னு எழுதிருவேன். அதுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்ல. ஆனா நூர்ஜஹானுக்குக் கையில ஒரு பிள்ள இருக்கு. நாளைக்கு இன்னும் பிறக்கலாம். அந்தப் பொண்ணுக்குத் தெரியணும். அத நீங்கதான் சொல்லணும்."

சைனப் யூசுபின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்று மதியம் செபாஸ்டின் சார் சாப்பிடப் போகவில்லை. "மருந்து ஸ்டோர் பக்கத்த எடுக்கச் சொன்னது நான்" என்று மட்டும் சொன்னார். இருவரும் உட்கார்ந்து அமைப்பை மாற்றினோம். இனி ஒருவருக்கு மேலே தாய் ஓர் இடம், தகப்பன் ஓர் இடம், கட்டிய வீடு ஓர் இடம். நூர்ஜஹான் தன் அம்மாவுக்குக் கீழே முழுப் பெயரோடும் பிள்ளைகளோடும் வருவாள். ஹனீபா வீட்டில் அவள் பெயர் சாய்ந்த எழுத்தில் வரும். பக்கத்தில் 'அமீனாவின் மகள்' என்று இருக்கும். தொட்டால் அந்தக் கிளைக்கே கொண்டுபோய்விடும். மரத்தில் எத்தனை பேர் என்று எண்ணும்போது அவளை ஒருமுறைதான் எண்ண வேண்டும். பிள்ளை இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்களின் பெயருக்கு முன்னால் ஒன்றும் இருக்காது. தெரியாதவர்களுக்கு ஒரு கேள்விக்குறி. இவ்வளவும் வேலை செய்ய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் சைனப் அங்கே போய்ச் சொல்லியிருப்பாரா என்றுதான் எனக்கு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் அறைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரு பெஞ்சு உண்டு. புதன்கிழமை காலை ஹனீபா, மருமகள், பேரன்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். சிக்கந்தர் தோல் மண்டி வேலையாக வெளியூர் போயிருந்தார். நான் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். ரியாஸின் கையில் பஞ்சை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

"சுன்னத்துக்கு எதுக்கும்மா இம்புட்டு ரத்தம் எடுக்குறாங்க?" என்று ஹனீபா என்னிடம் கேட்டார். கோபக்காரராகத் தெரியவில்லை, கவலையாகத்தான் கேட்டார். "சொந்தம் பூராவும் சொல்லியாச்சு. பிரியாணிக்கு ஆளு வாராக. இப்பப் போயி அது சரியில்ல இது சரியில்லன்னு சொல்லிராதீக."

எனக்குத் தெரிந்ததைச் சொல்ல முடியாது. "டாக்டர் வந்து சொல்லுவாங்க பாய்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஆய்வகத்துப் பெண் வெளியே வந்தாள். ரியாஸின் ரத்தம் சரியான நேரத்தில் உறைகிறது, ஒரு குறையும் இல்லை. ஹனீபா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி எழுந்தார். "வாம்மா நூரு, போவோம்."

நூர்ஜஹான் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்தாள். அப்போதுதான் படியேறி சைனப் வந்தார். தனியாக வந்திருந்தார். வடமதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்திருப்பார்போல, முகமெல்லாம் வியர்வை.

"செத்த நேரம் உக்காருங்கண்ணே."

"நீ எங்க இங்க? யூசுபுக்கு முட்டி வலியா?"

"முட்டி வலி இல்லண்ணே. வாதமும் இல்ல. அவனுக்கு ரத்தம் உறையாத சீக்கு. அம்மா வழியா வாரது. நம்ம அம்மாகிட்டருந்து எனக்கு வந்திருக்கு. அமீனாக்காவுக்கும் வந்திருக்கலாம். அப்டின்னா நூருக்கும்."

"மூட்டு வாதம்னு சொன்னியே?"

"பொய்தான் சொன்னேன்."

ஹனீபா தங்கையைப் பார்த்தபடி நின்றார். சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் நூர்ஜஹான் குழந்தையின் சட்டையை மேலே தூக்கினாள். இரண்டு பக்கமும், அக்குளுக்குக் கீழே, விலாவில் விரல் விரலாக நீலம் பாய்ந்திருந்தது.

"நான் தூக்குற எடத்துல எல்லாம் இப்பிடி ஆகுது சின்னம்மா" என்றாள். "பிள்ளைய அழுத்தித் தூக்குறேன்னு மாமி திட்டுது. நானும் என் கைதான் முரடுன்னு நெனச்சேன்."

ஹனீபா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். குழந்தையின் விலாவைத் தொடப் போனவர், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

"காதரண்ணன்" என்றார்.

"யாருண்ணே அது?" என்று சைனப் கேட்டார்.

"உனக்குத் தெரியாது. நீ பிறக்கல. எனக்கும் அமீனாக்காவுக்கும் மூத்தவன். சுன்னத்து வச்ச மூணாம் நாளு போயிட்டான். ரத்தம் நிக்கவே இல்ல. கண்ணு பட்ருச்சுன்னாக. அதுக்கப்புறம் வீட்ல அவன் பேர யாரையும் சொல்ல விடல அம்மா."

ரியாஸ் பஞ்சைப் பிரிக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் எழுந்துபோய் கோமதி டாக்டரை அழைத்துவந்தேன்.

குழந்தையின் ரத்தம் சரியான நேரத்தில் உறையவில்லை. வெளியூருக்கு அனுப்பிய மாதிரியிலும் அதுவே உறுதியானது. ரியாஸுக்குக் குறித்த நாளில் சுன்னத் நடந்தது. ஹனீபா சொந்தக்காரர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டே, சின்னப் பேரனுக்கு என்ன சீக்கு, அது யார் வழியாக வருகிறது என்று சொல்லிவிட்டாராம். அப்துலுக்கு சுன்னத்தைத் தள்ளிப்போட்டு, சில வருடங்கள் கழித்து, ரத்தம் உறைவதற்கான ஊசியைப் போட்டு, கோமதி டாக்டர் பக்கத்தில் இருக்க, அதைச் செய்தார்கள். ஊசி போட நூர்ஜஹானே கற்றுக்கொண்டாள். 'கை முரடு' என்று திட்டு வாங்கியவள், பிள்ளைக்கு நரம்பு தேடுவதில் எங்கள் நர்ஸ்களுக்கே சமமாகிவிட்டாள். அப்துல் இப்போது பள்ளி மேல் வகுப்பில் இருக்கிறான். கேரம் போட்டிக்கு ஊர் ஊராகப் போகிறான்.

காதரின் பெயரை மரத்தில் நான் சேர்த்தேன். ரஹ்மத் பீவியின் முதல் பிள்ளை. அவருக்குக் கீழே ஒன்றும் வராது என்பது உறுதியாகத் தெரியும், அதனால் கேள்விக்குறி போடவில்லை. அடுத்த முறை வாசித்தபோது செபாஸ்டின் சார் அந்த இடத்தில் கையைத் தூக்கவில்லை. கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகும், எந்தப் பக்கம் எழுதினாலும் அறையில் ஆள் இல்லாத நேரத்தில் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

ஷாஹிதாவின் சம்பந்தத்தைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு சைனப் தானே போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். வாரங்கள் போயின. இதற்கிடையில் ஷாஹிதா பரிசோதனை செய்துகொண்டாள். அவளும் அதைச் சுமக்கிறாள் என்று தெரிந்தது. சைனப் அந்த நாட்களில் மருத்துவமனைக்கு வந்தால் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

பிறகு ஒருநாள் ஷாஹிதா அம்மாவுடன் வந்து எங்கள் அறை வாசலில் நின்றாள். பின்னால் ஓர் இளைஞர், அவளைப் பெண் பார்த்துப் போன மாப்பிள்ளை. வடமதுரையில் மளிகைக் கடை வைத்திருப்பவர்.

"அக்கா, என் பேரத் திறந்து காட்டுங்க. இவங்க பாக்கணும்" என்றாள்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மற்றவர்களின் விவரங்களை மறைத்துவிட்டு, அவளுடைய கிளையை மட்டும் திறந்தேன். கோமதி டாக்டரும் வந்து நின்று, எது வரலாம், எது வராமல் போகலாம், முன்கூட்டியே தெரிந்தால் என்னென்ன செய்யலாம் என்று எதையும் மறைக்காமல் சொன்னார். டாக்டர் முடித்த பிறகும் அந்தத் தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நான் எங்கக்கா வருவேன்?" என்று கேட்டார்.

ஷாஹிதாவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைக் காட்டினேன். "இங்க."

"பிள்ளைங்க?"

"ரெண்டு பேருக்கும் கீழ."

அவர் தன் பெயரை இனிஷியலோடு சொன்னார். நான் தட்டச்சு செய்வேன் என்று எதிர்பார்த்து, கீபோர்டைப் பார்த்தபடி நின்றார்.

"இப்பப் போட முடியாது தம்பி" என்றேன். "நிக்காஹ் முடியணும்."

"சரிக்கா. முடிஞ்சதும் வாரோம்" என்றார்.

வந்தார்கள்.